பல்கேரியா யூரோவுக்கு மாறுகிறது: லெவ்வோடு சேர்ந்து போவது என்ன?

9 ஜூலை 2025, மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

பல்கேரியாவுக்கு யூரோ நேற்று உறுதியாகிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அதன் சொந்த நாணயமான லெவ் கிடையாது. ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ் என்று ரேட் போட்டிருக்கிறார்கள். இந்த விநோத எண்ணை எந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்திலேயே ஏழையான நாடு, சொந்த நாணயத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டால் இனி மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கக்கூட வழியில்லை. இது தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிற வேலை. அங்கே இருப்பவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

9 ஜூலை 2025, இரவு 10.40

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் இருக்கிறேன், ஐடி வேலை. நான் மறுக்கிறேன்.

முதலில் அந்த எண். 1.95583ஐ நேற்று யாரும் பேரம் பேசி முடிவு செய்யவில்லை. அது ஜெர்மனியின் பழைய நாணயமான மார்க்கின் எண். 1999 தொடக்கத்தில் யூரோ பிறந்தபோது ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிரந்தரமாகப் பூட்டினார்கள். லெவ் அதற்கு முன்பே மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது. அதே 1999 ஜூலை 5 அன்று மூன்று பூஜ்யங்களை வெட்டி, ஒரு புது லெவ் என்றால் சரியாக ஒரு மார்க் என்று ஆக்கினார்கள். பிறகு மார்க் ஒழிந்தது. அதன் எண் மட்டும் ஐந்து தசமங்களோடு லெவ்வில் தங்கிவிட்டது. 2020 ஜூலையில் யூரோவுக்கான காத்திருப்பு அறையில் நுழைந்தபோதும் அதே எண், நேற்றும் அதே எண்.

மதிப்பைக் குறைக்கிற வித்தையை இந்த நாடு கைவிட்ட தேதி 1 ஜூலை 1997. நீங்கள் சொல்லும் இழப்பு நடந்து 28 வருடம் ஆகிறது. இப்போது மாறுவது நோட்டும் நாணயமும்.

11 ஜூலை 2025

1997இல் ஏன் கைவிட்டார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இதை அவசரமாகச் சொன்னால் இங்கே வயதானவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது புரியாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

1995 கடைசியில் ஒரு டாலர் சுமார் 70 லெவ். நட்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கும் வேண்டப்பட்ட முதலாளிகளுக்கும் வங்கிகள் அள்ளிக் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1996இல் வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. ஓட்டையை அடைக்கத் தேசிய வங்கி நோட்டு அடித்துக்கொண்டே போனது. அந்த ஆண்டு முடிவில் டாலர் 500 லெவ்வை நெருங்கியது. 1997 பிப்ரவரியில் 3,000 வரை போனது. அந்த ஒரே மாதத்தில் விலைவாசி 240 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வருடத்தில் அல்ல, மாதத்தில். ஓய்வூதியம் என்று கையில் வந்தது சில டாலர்தான். பிரதமர் ஷான் விதேனொவ் டிசம்பரிலேயே விலகிவிட்டார். ஜனவரி 10 அன்று மக்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கார அம்மா அப்போது பள்ளி ஆசிரியை. அவரும் கணவரும் கார் வாங்குவதற்காக வருடக்கணக்கில் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. வங்கி திவாலாகவில்லை, பாஸ்புக்கில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்குக் கடைசியில் வாங்க முடிந்தது குளிர்காலத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ். அந்தக் காலத்து 50,000 லெவ் நோட்டு ஒன்றை அவர் இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். பூஜ்யங்களை வெட்டிய பிறகு அது 50 லெவ். இன்றைய கணக்கில் 25 யூரோ 56 சென்ட். அதை எடுத்துக் காட்டும்போது அவர் குரல் உயர்வதில்லை, "எண் மாறினால் எனக்குப் பயம்" என்று மட்டும் சொல்வார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், இவான் கொஸ்தொவ் பிரதமராக இருந்தபோது, 1,000 பழைய லெவ் ஒரு மார்க் என்று கட்டினார்கள். தேசிய வங்கி இஷ்டத்துக்கு நோட்டு அடிக்க முடியாது, அரசுக்குக் கடன் தர முடியாது என்று சட்டமும் போட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் கரன்சி போர்டு. அரசியல்வாதிகளிடமிருந்து நோட்டு அச்சகத்தைப் பிடுங்கியதுதான் அன்று நடந்த காரியம். மக்கள் அதை வரவேற்றார்கள்.

13 ஜூலை 2025

யாழ்ப்பாணத்து அண்ணா "கரன்சி போர்டு என்றால் எங்களுக்குத் தெரிந்த ஏதாவது உதாரணம்?" என்று கேட்டிருந்தார். உங்கள் நாடே உதாரணம். இலங்கையில் 1884 முதல் 1950இல் மத்திய வங்கி திறக்கும் வரை இருந்தது கரன்சி போர்டுதான். புழங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக வெளியே சொத்து இருக்க வேண்டும். ஈடு இல்லாமல் புது நோட்டு வராது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1967 வரை பொதுவான போர்டு ஒன்று இருந்தது. சிங்கப்பூர் டாலரும் புருனை டாலரும் இன்றைக்கும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியாவது அதன் எச்சம். இதை எழுதி அனுப்பிய சிங்கப்பூர் அக்காவுக்கு நன்றி.

இலங்கை போர்டை விட்டு மத்திய வங்கிக்குப் போனது. பல்கேரியா மத்திய வங்கியிலிருந்து போர்டுக்கு வந்தது. எதிர்த் திசைப் பயணம். காரணம் மேலே எழுதிய பிப்ரவரி.

13 ஜூலை 2025, சற்று நேரம் கழித்து

முதல் குறிப்போடு இதையும் சேர்க்க வேண்டும். இறையாண்மை 1997இலேயே போய்விட்டது என்பது கணக்குப்படி சரி. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தைத் திருத்தி அந்தக் கட்டை அவிழ்க்கலாம். 28 வருடம் யாரும் அவிழ்க்கவில்லை, ஆனாலும் கதவு இருந்தது. யூரோவில் அந்தக் கதவு சுவராகிவிடும். எதிர்க்கிறவர்களில் யோசித்துப் பேசுகிறவர்கள் சொல்வது இதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. இத்தனை வருடமும் வட்டி விகிதத்தை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி முடிவு செய்தது, சோஃபியா கேட்டுக்கொண்டது. இனி தேசிய வங்கி ஆளுநர் அந்த மேசையில் உட்காருவார். சின்ன நாட்டின் ஒரு குரல் எவ்வளவு எடுபடும் என்பது வேறு விஷயம். வெளியே நின்று கீழ்ப்படிவதைவிட உள்ளே உட்கார்ந்து பேசுவது மேல் என்பது என் கட்சி.

20 ஜூலை 2025

"இவர்கள் எப்படித் தேர்வானார்கள், கிரீஸ் மாதிரி பொய்க் கணக்கைக் காட்டி ஏமாற்றினார்களா?" என்ற கேள்விக்கு.

ஐரோப்பிய ஆணையத்தின் 2025 ஜூன் 4 அறிக்கையின் எண்களைப் பாருங்கள். அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 24 சதவீதம், வரம்பு 60. கடனில் இவர்கள் ஐரோப்பாவின் சிக்கனக்காரர்களில் ஒருவர். கிரீஸ் உள்ளே வரும்போதே 100 சதவீதத்தை ஒட்டிய கடனோடு வந்தது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

இடித்தது பணவீக்கத்தில்தான். முதலில் 2024 ஜனவரி என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், இரண்டு முறையும் விலைவாசி தடுத்தது. பணவீக்கம் மிகக் குறைந்த மூன்று நாடுகளின் சராசரியோடு 1.5 புள்ளியைக் கூட்டி வரம்பு வைப்பார்கள். இந்த முறை வரம்பு 2.8, பல்கேரியா 2.7. மயிரிழையில் தேறியது. 2006இல் லிதுவேனியாவும் இதே 2.7தான் வாங்கியது. அன்றைக்கு வரம்பு 2.6. திருப்பி அனுப்பிவிட்டார்கள், 2015 வரை காத்திருந்தது.

9 ஆகஸ்ட் 2025

நேற்று முதல் எல்லாக் கடைகளிலும் இரட்டை விலை கட்டாயம். 2026 ஆகஸ்ட் 8 வரை இப்படியே இருக்கும்.

சோஃபியாவில் 'க்லெக் ஷாப்' என்று ஒரு வகைக் கடை உண்டு. கம்யூனிச ஆட்சி விழுந்ததும் கடை போட இடம் இல்லாதவர்கள் தங்கள் கட்டடத்தின் நிலவறை ஜன்னலையே கடையாக்கிக்கொண்டார்கள். ஜன்னல் நடைபாதையிலிருந்து முழங்கால் உயரம். வாங்குகிறவர் குனிய வேண்டும், அல்லது குந்த வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒன்றை ஒரு பாட்டி நடத்துகிறார். நேற்று அவர் பழைய விலைச்சீட்டுகளின் அடியில் நீல பேனாவால் யூரோ விலை எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில் 1.80 லெவ், கீழே 0.92. தயிர் 2.49, கீழே 1.27. பக்கத்தில் கால்குலேட்டர். ஒவ்வொன்றுக்கும் 1.95583 முழுவதையும் அழுத்துகிறார். ஏன் பாட்டி, 1.96 என்று போட்டால் போதாதா என்றேன். கூடாது, தசமம் குறைத்தால் அபராதம் என்றார். சட்டம் உண்மையிலேயே அப்படித்தான்: ஐந்து தசமங்களையும் வைத்து வகுத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை சென்டுக்கு முழுதாக்க வேண்டும்.

"இதுவரை ஒரு பணத்தில் ஏழையாக இருந்தேன், இனி ஒரு வருடம் இரண்டு பணத்தில்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

10 ஆகஸ்ட் 2025

பலகை எழுதுகிறவர்களுக்கும் மென்பொருள் ஆட்களுக்கும் கொழுத்த வேலை. எங்கள் அலுவலகத்திலும் ஆறு மாதமாக இதே பேச்சு: பில், சம்பளச் சீட்டு, பழைய கணக்கின் இருப்பு. வரி வரியாக முழுதாக்குவதா, மொத்தத்தை முழுதாக்குவதா என்று ஒரு சென்டுக்காக ஒரு மதியம் முழுக்க வாதம் நடந்தது. ஒரு சென்ட்தான், ஆனால் லட்சம் பில்லில் அது பணம்.

27 செப்டம்பர் 2025

விலைச்சீட்டுகளில் ஒரு மாற்றம். சென்னையில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஆகஸ்டில் லெவ் விலை அழகாக இருந்தது, யூரோ விலை கோணலாக இருந்தது. 2.00 லெவ், 1.02 யூரோ. இந்த மாதம் சில அலமாரிகளில் தலைகீழ். 1.96 லெவ். 3.91 லெவ். 9.78 லெவ். யாராவது 9.78 என்று விலை வைப்பார்களா? கீழே பார்த்தால் விடை இருக்கிறது: 1.00, 2.00, 5.00 யூரோ. கடைக்காரர் இப்போதே யூரோவில் யோசித்துவிட்டு லெவ்வில் எழுதுகிறார். சட்டப்படி ஜனவரி 1. அலமாரியில் மாற்றம் செப்டம்பரிலேயே நடந்துவிட்டது.

இதில் ஏற்றம் இருக்கிறதா? சிலதில் இருக்கிறது. 1.89க்கு விற்றது 1.96 ஆனால் அது 7 ஸ்டோடின்கி (100 ஸ்டோடின்கி ஒரு லெவ்) ஏற்றம்தான். நியாயமான காரணம் இல்லாமல் ஏற்றக் கூடாது என்று ஆகஸ்டில் சட்டத்தை இறுக்கினார்கள். ஆனால் பெரிய சங்கிலிக் கடையைப் பிடிக்கலாம். முடி வெட்டுகிறவரையும் பல் மருத்துவரையும் எப்படிப் பிடிப்பது? நான் போகும் முடி வெட்டும் கடையில் 15 லெவ்வாக இருந்தது கோடையிலேயே 18 ஆகிவிட்டது. இரட்டை விலைப் பலகை தொங்கும் முன்பே ஏற்றிவிட்டால் யார் கேட்பது?

2002இல் யூரோ வந்தபோது மாற்றத்தால் மட்டும் ஏறியது 0.1 முதல் 0.3 சதவீதப் புள்ளிதான் என்று ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் கணித்தது. அந்த எண்ணை நம்புகிறேன். ஆனால் அது டிவி, கார், மின்கட்டணம் எல்லாம் சேர்ந்த சராசரி. காபி, ரொட்டி, முடிவெட்டு என்று தினம் கைக்காசு கொடுக்கும் இடங்களில்தான் ஏற்றம் குவிகிறது. ஓய்வூதியக்காரருக்கு வாழ்க்கையே அந்த இடங்கள்தான். "சராசரி ஏறவில்லை" என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

5 அக்டோபர் 2025

கோவை நண்பர், "அப்படியானால் எதிர்க்கிறவர்கள் சொல்வது சரிதானே" என்கிறார். இரண்டு வகை எதிர்ப்பைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று கட்சி எதிர்ப்பு. வஸ்ராஷ்டனே என்ற தீவிர தேசியவாதக் கட்சிக்காரர்கள் பிப்ரவரி 22 அன்று சோஃபியாவில் ஐரோப்பிய ஆணைய அலுவலகத்தின் மீது சிவப்புச் சாயமும் பெட்ரோல் குண்டும் வீசினார்கள். மே மாதம் அதிபர் ருமென் ராதெவ் பொதுவாக்கெடுப்பு கேட்டார், சபாநாயகர் நாடாளுமன்றத்தில் வைக்காமலே திருப்பிவிட்டார். 2007இல் ஒன்றியத்தில் சேரும்போதே யூரோவுக்கும் ஒப்புக்கொண்டாயிற்று, மறுபடி கேட்க முடியாது என்பது வாதம். சட்டம் அதுதான். ஆனால் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் தயங்குகிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லும்போது, சட்டத்தைக் காட்டிவிட்டு நகர்வது போதாது. வாக்கெடுப்பு வேண்டாம் என்பதே என் நிலை. விளக்கம் வேண்டும், ஊர் ஊராக, கிராமம் கிராமமாக. அதைத் தாமதமாகத் தொடங்கினார்கள்.

இன்னொன்று வீட்டுக்கார அம்மாவின் எதிர்ப்பு. "வங்கியில் இருக்கும் பணத்தை ஜனவரியில் பிடுங்கிவிடுவார்களாம்", "லெவ்வை வேறு ரேட்டில் மாற்றுவார்களாம்" என்று அவர் தொலைபேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பரப்புகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், மாஸ்கோவுக்குப் பிடித்த பாட்டு. ஆனால் பொய் ஏன் பற்றிக்கொள்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை அவர் சேமிப்பு கண்முன்னே கரைந்தது. 2014இல் கேடிபி வங்கி விழுந்தபோது காப்பீடு உள்ள பணத்துக்கே வைப்பாளர்கள் ஜூனிலிருந்து டிசம்பர் வரை காத்திருந்தார்கள். இப்படிப்பட்டவரை "பிரச்சாரத்துக்கு மயங்கியவர்" என்று எழுதும் பத்திரிகைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் மயங்கவில்லை, நடந்ததை மறக்கவில்லை.

5 அக்டோபர் 2025, தொடர்ச்சி

ஒன்று விட்டுப்போனது. எங்கள் வீட்டு வாடகை முதல் நாளிலிருந்தே யூரோவில்தான். 450 யூரோ என்று ஒப்பந்தம், ஒவ்வொரு மாதமும் 880 லெவ் 12 ஸ்டோடின்கி கொடுக்கிறேன். சோஃபியாவில் வீட்டு வாடகை, மனை விலை எல்லாம் பல வருடமாக யூரோவில்தான் பேசுகிறார்கள். நிறைய மருத்துவ மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணமும் யூரோவில். பெரிய பணம் எப்போதோ மாறிவிட்டது. ரொட்டியும் தயிரும் பஸ் டிக்கெட்டும்தான் லெவ்வில் மிச்சம். வீட்டுக்கார அம்மாவுக்கு யூரோ புதிதல்ல. அவர் பயம் யூரோவைப் பற்றியது என்பதைவிட, மாற்றுகிற நாளில் மாற்றுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியது.

2 நவம்பர் 2025

இத்தாலியில் ஒரு யூரோவுக்கு 1936.27 லிரா. குரோஷியாவில் 7.53450 குனா. மனக்கணக்கு போட முடியாமல் மக்கள் தடுமாறினார்கள். இங்கே கிட்டத்தட்ட பாதி, அதனால் எளிது என்கிறார்கள். எளிதாக இருப்பதில்தான் ஆபத்தே என்று எனக்குத் தோன்றுகிறது. பாதியாக்கிப் பார்க்கிறவர் மனதில் எல்லாமே மலிவாகத் தெரியும். 1,000 லெவ் பாதி 500, ஆனால் சரியான கணக்கு 511.29. அந்த 11 யூரோ இடைவெளியை வாங்குகிறவர் மனது கவனிக்காது, விற்கிறவர் கவனிப்பார். சம்பளத்தில் அது உங்களுக்கு வர வேண்டிய பணம். ஜனவரி சம்பளச் சீட்டை இங்கே வேலை செய்கிற நம் ஆட்கள் கால்குலேட்டரோடு பாருங்கள்.

16 நவம்பர் 2025

விலைவாசி பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

வங்கிகள் தாங்கள் வாங்கும் டெபாசிட்டில் ஒரு பங்கைத் தேசிய வங்கியில் கட்டாயமாக வைக்க வேண்டும். பல்கேரியாவில் 2023இலிருந்து அது 12 சதவீதம். யூரோ பகுதியில் 1 சதவீதம். ஜனவரியில் இவர்களும் 1க்கு இறங்குகிறார்கள். இடையில் இருக்கும் 11 சதவீதம் வங்கிகளின் கைக்குத் திரும்புகிறது. வங்கி அதை என்ன செய்யும்? கடன் கொடுக்கும். எதற்கு? வீட்டுக்கு. இந்த ஆண்டின் முதல் பாதியிலேயே வீட்டு விலை போன ஆண்டைவிடச் சுமார் 15 சதவீதம் ஏறியிருக்கிறது.

என் சக ஊழியர், இளம் வயதுக்காரர், கல்யாணம் ஆகப்போகிறது. மிலாதொஸ்த் பகுதியில் பழைய பேனல் கட்டடத்தில் இரண்டு அறை வீடு பார்க்கிறார். ஒவ்வொரு தடவை தரகரைக் கூப்பிடும்போதும் விலை ஏறியிருக்கிறது, "யூரோ வருகிறது அல்லவா" என்கிறார் தரகர். வட்டி குறைவு, கடன் தாராளம், சம்பளமும் ஏறுகிறது, ஆனால் வட்டியை உயர்த்திக் கட்டுப்படுத்தும் கருவி நாட்டின் கையில் இல்லை. அயர்லாந்தும் ஸ்பெயினும் 2008க்கு முன் இந்தச் சூட்டில்தான் வெந்தன. தயிர் விலையைவிட இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தேசிய வங்கிக்கு இன்னும் மிச்சமிருக்கும் அதிகாரம், சம்பளத்தைப் பார்த்து எவ்வளவு வரை வீட்டுக் கடன் தரலாம் என்று வரம்பு போடுவது. அதை அவர்கள் தயங்காமல் இறுக்க வேண்டும்.

2 டிசம்பர் 2025

நேற்று முதல் வங்கிகளிலும் தபால் நிலையங்களிலும் நாணயப் பொட்டலம் கிடைக்கிறது. 20 லெவ் கொடுத்தால் 10 யூரோ 23 சென்ட். நான் வாங்கியதைப் பிரித்து மேசையில் கொட்டினோம்.

சிறு நாணயங்களில் பாறைச் சிற்பமான மதரா குதிரை வீரன். ஒரு யூரோவில் ரிலாவின் புனித இவான். இரண்டு யூரோவில் பைசி துறவி, பல்கேரியர்களின் வரலாற்றை எழுதிவைத்தவர். மூன்று உருவங்களும் லெவ், ஸ்டோடின்கி நாணயங்களில் ஏற்கெனவே இருந்தவை, அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு யூரோவின் விளிம்பில் 'கடவுளே, பல்கேரியாவைக் காப்பாற்று' என்ற வரி பொறித்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை, கணவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நோட்டுகளில்தான் இழப்பு. 10 லெவ்வில் கல்வியாளர் பெத்தர் பெரொன், 20இல் பழைய பிரதமர் ஸ்தம்பொலொவ், 50இல் கவிஞர் பென்ச்சோ ஸ்லவெய்கொவ், 100இல் எழுத்தாளர் அலெக்கோ கொன்ஸ்தன்தினொவ். ஒரு நாட்டின் எழுத்தாளர்களும் கல்வியாளர்களும் தலைவர்களும் எல்லோர் பையிலும் இருந்தார்கள். யூரோ நோட்டில் யாருடையது என்று சொல்ல முடியாத ஜன்னல்களும் பாலங்களும்.

12 டிசம்பர் 2025

அரசு கவிழ்ந்துவிட்டது. யூரோவில் போட்ட முதல் பட்ஜெட்டில் வரியையும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தையும் உயர்த்தப் பார்த்தார்கள். ஊழல் மீது ஏற்கெனவே இருந்த கோபமும் சேர்ந்து, நவம்பர் கடைசியிலிருந்து சோஃபியா தெருக்கள் நிரம்பின. பட்ஜெட்டை வாபஸ் வாங்கினார்கள், அப்படியும் அடங்கவில்லை. நேற்று பிரதமர் ரொசென் ஷெல்யஸ்கொவ் விலகினார்.

"அப்படியானால் யூரோ நின்றுவிடுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நிற்காது. ஜூலை 8 முடிவு ஒன்றிய அளவில் சட்டமாகிவிட்டது, தேதிக்கு ஆட்சி தேவையில்லை. கூட்டத்தில் இளைஞர்கள்தான் அதிகம். நான் பேசியவர்கள் யாரும் யூரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, திருட வேண்டாம் என்றார்கள். ஜூலையில் நான் எழுதிய நோட்டு அச்சகக் கதையோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். அச்சகத்தைப் பிடுங்கியாயிற்று, ஆனால் வரியும் டெண்டரும் இன்னும் அவர்கள் கையில்தான். நாணயம் எதுவானாலும் அதற்கு மருந்து தெருவிலும் தேர்தலிலும்தான் இருக்கிறது.

3 ஜனவரி 2026

மாறியாயிற்று. ஏடிஎம்மில் யூரோ வருகிறது. ஜனவரி முழுக்க லெவ் நோட்டாகவும் கொடுக்கலாம், மீதியை யூரோவில் தர வேண்டும் என்பது விதி.

நடைமுறையில் பெரிய கடைகளில் சிக்கல் இல்லை. சிறு கடைகளில் சில்லறைப் பஞ்சம். க்லெக் ஷாப் பாட்டி இரண்டு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறார், ஒன்றில் போவது, இன்னொன்றில் வருவது. 20 லெவ் நோட்டைக் கொடுத்து ஒரு தயிர் வாங்கினால் அவர் 8 யூரோ 96 சென்ட் எண்ணித் தர வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார், பாட்டி பதறாமல் எண்ணினார். தயிர் இன்னும் 1.27தான்.

எங்கள் தெருவில் இன்னொரு கடை, பெயர் வேண்டாம், விலைகளை மேல்பக்கமாகவே முழுதாக்கியிருந்தது: 3.20 லெவ்வுக்கு 1.64 வர வேண்டும், 1.70 போட்டிருந்தார்கள். காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டு 1.64 வாங்கினார்கள். சீட்டில் இரண்டு விலையும் இருக்கும் வரை நம் கையில் ஆதாரம் இருக்கிறது. ஆகஸ்டுக்குப் பிறகு அது போய்விடும், அதற்குள் இந்தப் பழக்கங்களைத் திருத்தியாக வேண்டும். விலைச்சீட்டைப் படமெடுத்து நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள், சும்மா விடாதீர்கள்.

10 ஜனவரி 2026

ப்ளோவ்திவிலும் வர்ணாவிலும் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் பலர், மதுரையிலும் கொழும்பிலும் பீரோவில் லெவ் நோட்டு கிடக்கிறது, வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை. ஜனவரி 31 வரைதான் கடையில் செல்லும். ஜூன் 30 வரை பல்கேரிய வங்கிகளிலும் சில தபால் நிலையங்களிலும் கட்டணமில்லாமல் மாற்றலாம். அதற்குப் பிறகு வங்கிகள் கட்டணம் கேட்கலாம். ஆனால் தேசிய வங்கியில் கால வரம்பே இல்லை, கட்டணமும் இல்லை, அதே 1.95583. உள்ளூர் பணமாற்றுக் கடைக்காரர் "இது செல்லாது, பாதி விலைக்குத் தாருங்கள்" என்று சொன்னால் கொடுக்காதீர்கள். இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். 1999க்கு முந்தைய பெரிய எண் நோட்டுகள் இந்தக் கணக்கில் வராது, அவற்றை யாரும் ஆசை காட்டி விற்றால் வாங்கிவிடாதீர்கள்.